திரை அணைந்த சனிக்கிழமை

அன்வர்,

போன வாரம் நஸ்ரின் வீட்டார் நிக்காஹ் துணி எடுத்த கையோடு இரும்புலியூரில் நம் வீட்டுக்கு வந்திருந்தார்களே, அப்போது நஸ்ரின் உன்னிடம் ஒன்று கேட்டாள். "இங்கிலாந்துல உங்களுக்கு என்னவோ ஆச்சுன்னு எங்க வீட்ல பேசிக்கிட்டாங்களே, என்ன அது?" நீ சிரித்துக்கொண்டே, "சின்ன மயக்கம். அம்மாதான் அதப் பெருசு பண்ணிட்டாங்க" என்றாய். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை நிறைந்து தட்டில் வழிந்துவிட்டது. சூடு கையில் பட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்த நாளின் பேச்சு வந்தாலே எனக்கு இப்போதும் கவனம் நிற்பதில்லை.

நீ சொன்னது பொய்யில்லை. உன் பக்கத்தில் நடந்தது உனக்கு அவ்வளவுதான் ஞாபகமிருக்கும். மேஜையில் தலை வைத்தாய், கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. நடுவில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் நம் வீட்டுப் பின்னறையில் என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. உன் அத்தா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். நானும் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். இப்போது கல்யாணம் முடிந்து நஸ்ரினையும் கூட்டிக்கொண்டு அதே குளிர் நாட்டுக்குப் போகப்போகிறாய். போவதற்கு முன்னால் எழுதியாவது கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நஸ்ரினும் படிக்கட்டும். பிள்ளைகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் வேறு யாராவது படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீ இங்கிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். அத்தாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த நேரம் அது. டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார், அதிர்ச்சியான விஷயம் எதுவும் காதில் போடாதீர்கள் என்று. அவருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். அங்கே இருந்த உன் கம்ப்யூட்டரைச் சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குத் தள்ளினோம். நீ காலேஜ் படிக்கும்போது உன் கூட்டாளி பிரகாஷும் நீயுமாக ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, கூடத்தில் பாய் விரித்து மாட்டிய கம்ப்யூட்டர். அந்தப் பெட்டியை மேஜையோடு சேர்த்து இழுத்தபோது நிலைப்படியில் தடுக்கி ஓர் ஓரமாகச் சாய்ந்து இடித்தது. கீழே விழவில்லை. ஆன் செய்து பார்த்தேன், வேலை செய்தது. அதோடு மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தானாகவே அணைய ஆரம்பித்தது. நான் மின்சாரம் ஏறி இறங்குவதால் என்று நினைத்தேன். யு.பி.எஸ். பழசாகிவிட்டது என்று நினைத்தேன். மார்ச் தொடங்கி வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. உன்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது பட்டென்று திரை கறுக்கும். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டால் வரும். நீ சிரிப்பாய், "அதுக்கும் வயசாயிடுச்சும்மா" என்பாய். சரி, நீ வரும்போது பார்த்துக்கொள்வாய் என்று விட்டுவிட்டேன். ஒரு பொருள் இரண்டு தடவை ஒரே மாதிரி தகராறு செய்தால் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்கக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் அத்தாவுக்குக் கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, படுக்க வைத்துவிட்டு வந்து உன்னை அழைத்தேன். உனக்கு அப்போது காலை. நீ தாடி மழிக்காமல், கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாய். முகம் சிவந்திருந்தது. காய்ச்சலா என்று கேட்டேன்.

"காய்ச்சல் இல்லம்மா. தல வலிக்குது. ரெண்டு மூணு நாளாவே இருக்கு. ஆபீஸ் போனா சரியாயிடுது, ரூமுக்கு வந்தா திரும்ப ஆரம்பிக்குது."

"தைலம் தேச்சியா?"

"வாந்தி வர்ற மாதிரி வேற கீது..." என்று பிரகாஷ் பேசுகிற மாதிரி பேசிச் சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு முடியவில்லை. கண் சொருகியது. "அம்மா, கொஞ்சம் இரும்மா, ஒரு மாதிரி..." என்று சொல்லி மேஜையைப் பிடித்தாய். அந்த நொடியில் திரை கறுத்துவிட்டது.

பட்டனை அழுத்தினேன். வந்தது. உன் பெயரைத் திரையில் தேடி அமுக்குவதற்குள் மறுபடி அணைந்தது. உடனே மறுபடி அழுத்தினேன். இந்தத் தடவை படமே முழுதாக வருவதற்குள் அணைந்துவிட்டது. போனை எடுத்து உன் செல்லுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அந்த ஊரில் உன் பக்கத்து வீட்டுக்காரர் யார், அவர் பெயர் என்ன, எதுவும் எனக்குத் தெரியாது. உன் தெருவின் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது.

முன்னறையிலிருந்து அத்தா குரல் வந்தது. "என்ன, அதுக்குள்ள பேசி முடிச்சாச்சா?"

"கரென்ட் சரியில்லீங்க. நீங்க தூங்குங்க."

எப்படி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். இங்கே ஒருவர் நெஞ்சில் தையல் ஆறாமல் படுத்திருக்கிறார். அங்கே நீ. ஒரே மத்தியானத்தில் இரண்டு பேரையும் இழந்துவிடுவேனோ என்று ஒரு நினைப்பு வந்தது.

பிரகாஷுக்கு அடித்தேன். அவன் சிறுசேரியில் சனிக்கிழமை வேலைக்குப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "தூங்கிட்டு இருப்பான் ஆன்ட்டி, டென்ஷன் ஆவாதீங்க" என்றுதான் முதலில் சொன்னான். நான் அழுததைக் கேட்டதும் அவன் குரலும் மாறிவிட்டது. "சரி ஆன்ட்டி, நான் பக்கத்து போன்லேர்ந்து அவன் நம்பருக்கு அடிச்சிக்கினே இருக்கேன். நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க. உடனே போட்டா சீக்கிரம் அணையுது, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டா அதிக நேரம் வருதா?" ஆமாம் என்றேன். "அப்ப அது கரென்ட் இல்ல ஆன்ட்டி. சூடு. ப்ராசஸர் சூடாயி தன்னத்தானே நிறுத்திக்கிது. நிறுத்தலன்னா எரிஞ்சிடும்."

ஆன் செய்து உடனே டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னான். நீலத் திரை ஒன்று வந்தது. அதில் எங்கே போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போனான். சி.பி.யு. டெம்பரேச்சர் என்று ஒரு வரி. அதற்கு எதிரே எழுபத்தெட்டு. நான் படிக்கப் படிக்கவே எண்பத்திரண்டு ஆனது. எண்பத்தாறு. ஆஸ்பத்திரியில் அத்தா தலைமாட்டில் ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்து நான் பயந்ததுபோலவே இதைப் பார்த்தும் பயந்தேன். தொண்ணூற்றைத் தாண்டியதும் கறுத்துவிட்டது.

ப்ளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னான். கத்தி முனையால் ஸ்குருவைத் திருகினேன். உள்ளே பார்த்தால் விசிறிக்குக் கீழே, அலுமினியத் தகடுகளுக்கு நடுவே, தூசி பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருந்தது. ஜி.எஸ்.டி. சாலைப் புழுதி முழுக்க அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும்போல. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். இருமல் வந்தது. அத்தாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அடக்கினேன். சுத்தம் செய்ததில் நேரம் போனதால் பெட்டியும் ஆறியிருந்தது. மறுபடி போட்டேன். விசிறி நன்றாகவே சுற்றியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு உன்னை அழைத்தேன்.

நான் சனி, ஞாயிறுகளில் நினைத்தபோது கூப்பிடலாம் என்று உன் லேப்டாப்பைத் தானாகவே அழைப்பை எடுக்கும்படி செய்துவைத்திருந்தாயே, அல்லாஹ் உனக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தான். உன் அறை தெரிந்தது. மேஜைமேல் உன் தலை. ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. முகம் தெரியவில்லை, உச்சிதான் கேமராவுக்குத் தெரிந்தது. "அன்வர்! அன்வர்!" என்று கத்தினேன். அசையவில்லை. இன்னும் கத்தினேன். நீ மூச்சு விடுகிறாயா என்று திரையில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தேன். படம் புள்ளி புள்ளியாக உடைந்ததில் எதுவும் தெரியவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் என் முகம்தான் எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் அத்தா வாசலில் நிற்கிறார். ஒரு கையால் நிலையைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கை நெஞ்சின் மேல். "யாரைக் கூப்பிட்ட? புள்ளைக்கு என்ன?"

மறைக்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. தலைவலியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் விழுந்துவிடுவார் என்று பயந்து தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். அவர் விழவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறமானது. கண்ணை மூடித் திறந்து, "வீட்டுக்குள்ள இருந்தா வலிக்குது, வெளிய போனா வலி இல்ல. அப்படித்தான் சொன்னானா?" என்றார். ஆமாம் என்றேன். "ரூமுக்கு எப்படி சூடு வருது? கரென்ட்டா, கேஸா?"

கேஸ் ஹீட்டர் என்று நீ ஒருமுறை காட்டியிருந்தாய். சுவரோரத்தில் நீலமாக எரியும். சொன்னேன்.

"ஜன்னல் மூடியிருக்கா?"

மூடித்தான் இருந்தது. அந்தக் குளிரில் யார் திறப்பார்கள்?

அத்தா ஸ்டேஷன் பக்கத்தில் ஹோட்டல் நடத்திய காலத்தில், ஒரு பேய்மழை நாளில் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே கரி அடுப்பு வைத்திருக்கிறார்கள். பரோட்டா போடுகிறவர் தலைவலி என்று உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். வெளியே தூக்கிப் போட்ட பிறகுதான் மூச்சு வந்ததாம். நீ பிறப்பதற்கு முன்பு நடந்த கதை. "அது வெஷக்காத்து, வாசனையே இருக்காது. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். அவன ஜன்னலத் திறக்கச் சொல்லு, உடனே திறக்கச் சொல்லு" என்றார். கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. உன் அத்தாவின் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

போனில் பிரகாஷ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, எங்க கம்பெனிலேர்ந்து கவிதான்னு ஒரு பொண்ணு அந்த ஊர்லதான் கீது. நான் அதுக்கு அடிச்சு அன்வர் அட்ரஸ் குடுக்கிறேன், ஆம்புலன்ஸ் சொல்லச் சொல்றேன். ஒரு நிமிஷம்... நீங்க லைன்ல இருங்க, பக்கத்து போன்ல பேசுறேன்." அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. கவிதா இருப்பது ஊரின் மறுபக்கம். ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்த பிரகாஷ் மூச்சிரைக்கக் கேட்டான். "தூசி எடுத்தும் அணைஞ்சிடுச்சுன்னா, அந்த அலுமினியக் கட்டை ப்ராசஸர் மேல ஒட்டாம இருக்கலாம் ஆன்ட்டி. மெதுவா தொட்டுப் பாருங்க, ஆடுதா?"

தொட்டேன். சுட்டது. ஒரு பக்கம் ஆடியது. நாலு மூலையிலும் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் கால் இருந்தது. மூன்று கால்கள் அழுந்தி இருந்தன. மேஜையை இழுத்தபோது இடித்த பக்கத்தில் ஒன்று மட்டும் மேலே கிளம்பி நின்றது. "அதான் ஆன்ட்டி. கட்டையக் கழட்டிடாதீங்க, கழட்டினா திரும்ப ஒட்ட பேஸ்ட் வேணும். அந்தக் காலை மட்டும் நேரா அமுக்குங்க. டக்குனு சத்தம் கேக்கணும்."

அத்தா டார்ச்சை எடுத்துவந்து பிடித்தார். உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை. கட்டை விரலால் அமுக்கினேன். போகவில்லை. இன்னும் அமுக்கினால் கீழே இருக்கும் பச்சைப் பலகை வளைந்தது. அது உடைந்தால் உன்னைப் பார்க்க இருக்கும் ஒரே வழியும் போய்விடும். விரலை எடுத்துவிட்டேன். "முடியலப்பா, உடஞ்சிடும்" என்று போனில் அழுதேன். "உடையாது ஆன்ட்டி. பயப்படாம அமுக்குங்க" என்றான். பயப்படாமல் எப்படி அமுக்குவது? பயத்தோடுதான் அமுக்கினேன். பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டு கட்டை விரலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உடம்பு முழுவதையும் சாய்த்தேன். டக்கென்று ஒரு சத்தம். உடைந்ததா மாட்டியதா என்று தெரியவில்லை. அத்தா முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

ஆன் செய்தேன். பிரகாஷ் முதலில் நீலத் திரைக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான். எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. அறுபத்துநாலு. இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழ நேரமில்லை.

உன் அறை மறுபடி தெரிந்தது. நீ அதே மாதிரி கிடந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா என் தோளுக்கு மேலாகக் குனிந்து, நெஞ்சில் தையல் இருக்கிறது என்பதையெல்லாம் மறந்து கத்தினார். "டேய் அன்வர்! எந்திரி! ஜன்னலத் திற!" ஹோட்டல் கல்லாவிலிருந்து தெருக்கோடி வரை கேட்கிற அந்தக் குரல். உன் பக்கத்து ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் கேட்குமோ கேட்காதோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். மறுபடி கத்தினார். மறுபடி. தொங்கிக்கொண்டிருந்த உன் கையின் விரல்கள் மடங்கின. அன்வர், நீ பிறந்தபோது முதலில் அழுத சத்தத்தைக் கேட்டு நான் பட்ட சந்தோஷம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தலையைத் தூக்கினாய். கண் எங்கேயோ பார்த்தது. "ஜன்னல்டா! ஜன்னல்! எந்திரிச்சுப் போடா!" நீ எழுந்து இரண்டடி வைத்துச் சுவரில் மோதினாய். கேமராவின் ஓரத்தில் உன் முதுகு மட்டும் தெரிந்தது. திரைச்சீலையைப் பிடித்து இழுத்தாய், ஜன்னலைத் தள்ளினாய். பிறகு நீ கீழே சரிகிறது தெரிந்தது. உன்னைக் காணவில்லை. ஆனால் திரைச்சீலை உள்ளே பறந்தது. காற்று வந்துவிட்டது.

நாங்கள் உன் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தோம். நீ பதில் சொல்லவில்லை. அது எவ்வளவு நேரம் என்று பிரகாஷ் பிறகு கணக்குச் சொன்னான், நான் நம்பவில்லை. என் கணக்கில் அது ஒரு முழு ஆயுசு. அப்புறம் கதவை உடைக்கிற சத்தம், கனமான பூட்ஸ் சத்தம். முகமூடி போட்ட இருவர் வந்தார்கள். ஒருவர் ஹீட்டரை அணைத்தார், ஒருவர் கீழே குனிந்தார். அவர்களுக்குப் பின்னால் கோட் போட்ட ஒரு பெண் ஓடிவந்து கேமராவுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, நான் கவிதா. மூச்சு இருக்கு ஆன்ட்டி. கூட்டிட்டுப் போறோம்." அவ்வளவுதான். உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஹீட்டரின் புகைபோக்கி அடைத்திருந்தது என்றும், குளிர் வருகிறதென்று சுவரிலிருந்த காற்றுத் துளையில் நீயே பழைய சட்டையைத் திணித்திருந்தாய் என்றும் பின்னால் சொன்னார்கள். உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. குளிர்ந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இந்தத் தடவை போனதும் நஸ்ரின் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், கார்பன் மோனாக்சைடு என்கிற அந்த விஷ வாயு இருந்தால் கத்துகிற கருவி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டு. காற்றுத் துளையை மூடாதே. தலை வலித்தால் வலிக்கிறது என்று சொல், அவளுக்கு உடனே சொல். அம்மா பயப்படுவாள் என்று எங்களிடம் எதையும் மறைக்காதே. நான் எப்படியும் பயப்படத்தான் போகிறேன். நான் பயத்தில் அத்தாவிடம் மறைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நடந்தது ஒன்று இருக்கிறது. யாரும் உன் லேப்டாப்பை அணைக்கவில்லை. திரையில் காலி நாற்காலி, திறந்த ஜன்னல், ஆடுகிற திரைச்சீலை. நான் மவுஸைத் தொடப் போனேன். "அணைக்காத" என்றார் அத்தா. கட்டிலிலிருந்து தலையணையைக் கொண்டுவந்து அவர் முதுகுக்கு வைத்தேன். கம்ப்யூட்டரின் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது, விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அஸர் தொழுகையைக்கூட நான் அந்த அறையிலேயே தொழுதேன். அங்கே உன் ஜன்னலில் வெளிச்சம் ஏறுவதை, மேஜையில் இருந்த காகிதங்கள் ஒவ்வொன்றாகப் பறந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாய்ந்து மக்ரிபுக்குப் பாங்கு சொல்லும்போது போன் அடித்தது. கவிதாவின் செல்லிலிருந்து, நீ. "அம்மா" என்று ஒரே ஒரு வார்த்தைதான். போனை அத்தாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார். கண் திரையை விட்டு நகரவில்லை.

"உன் ரூம் திறந்துதான் கெடக்கு" என்றார். "யாரும் வரல. நாங்க பாத்துக்கிட்டுதான் இருக்கோம்."

உன் அம்மா